வேலை போன பிறகு மனதைத் தாங்குவது எப்படி? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் இருந்து ஒரே நாளில் அனுப்பப்பட்ட தம்பி, சவூதியில் இருந்து பெட்டியோடு திரும்பி வந்த அண்ணன், அண்டி ஆபீஸ் (முந்திரிப்பருப்பு ஆலை) மூடியதால் வீட்டில் இருக்கும் அக்கா, மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் என்று பலரோடும் பேசியதில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. வேலை போய் வீட்டில் இருந்த காலம் எனக்கும் உண்டு. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இந்த நிலைமையில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசி வருகிறேன். மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் எது, எங்கே போகலாம் என்பதும் கீழே இருக்கிறது.

வேலை போய்விட்டது என்று சொன்ன அன்று எனக்கு அழுகைகூட வரவில்லை. மரத்துப்போன மாதிரி இருந்தேன். எனக்கு ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. பலருக்கும் முதல் சில நாட்கள் இப்படித்தான் போகும். சிலர் அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து பஸ்ஸில் போகும்போது பழைய ஆபீஸ் வாசலைப் பார்த்ததும் தொண்டை அடைக்கும். சிலருக்குக் கோபம் முதலில் வரும், சிலருக்கு ஒருவித நிம்மதிகூட வரும், அந்த நிம்மதியை நினைத்து அப்புறம் குற்ற உணர்வு வரும். இதற்கெல்லாம் வரிசை கிடையாது. இரண்டாவது வாரம் தெளிவாக இருந்தவர் ஆறாவது வாரம் உடைந்துபோவதும் நடக்கும். அதற்காக எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

முதல் சில நாட்களில் ஒன்றே ஒன்று கவனியுங்கள். பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். வீட்டை விற்பது, பழைய மேலாளருக்கு ஆத்திரத்தில் நீளமாக மெயில் அனுப்புவது, யாரோ சொன்னார் என்று ஏஜென்ட் கையில் பணம் கொடுப்பது எல்லாம் கொஞ்சம் பொறுக்கட்டும்.

ஒரு வேலைதானே போனது. வீட்டில் ஒரு ஆள் செத்துப்போன மாதிரி ஏன் வலிக்கிறது?

சம்பளம் மட்டும் போயிருந்தால் இவ்வளவு வலிக்காது. 1930-ஐ ஒட்டி ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்ற ஊரில், ஊரையே தாங்கிக்கொண்டிருந்த ஒரு துணி ஆலை மூடப்பட்டது. மரி யஹோடா என்ற இளம் ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்த ஊருக்குப் போய், வேலை போனவர்கள் எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். கைநிறைய நேரம் கிடைத்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெரும்பாலோர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டிருந்தார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை ஓயவில்லை, அவர்கள் நடை மட்டும் வேகமாகவே இருந்தது.

யஹோடா பின்னாளில் இதை விளக்கிச் சொன்னார். வேலை நமக்குப் பணத்தோடு இன்னும் சிலவற்றையும் தருகிறது: நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே நாலு பேர், பலரோடு சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்கிறோம் என்ற எண்ணம், ஊரில் ஒரு நிலை, உடம்பும் மூளையும் ஓடிக்கொண்டிருப்பது. வேலை போகும்போது இத்தனையும் ஒரே நாளில் போகிறது. அப்படியென்றால் வலிப்பது நியாயம்தானே? உங்களுக்கு இவற்றில் எது அதிகமாக வலிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆள் பழக்கம் இல்லாமல் தவிப்பவருக்கு ஒரு மருந்து, அடையாளம் போனதில் தவிப்பவருக்கு வேறு மருந்து.

தப்பு என் மேல்தான் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி எல்லாம் அதே நினைப்பு.

ஒரு தாளை எடுத்து என்ன நடந்தது என்று மட்டும் எழுதிப் பாருங்கள். "எங்கள் புராஜெக்ட் முடிந்தது, அதில் இருந்த எல்லோரையும் அனுப்பினார்கள்." "முதலாளி கடையை மகன் கையில் கொடுத்தார், அவர் ஆளைக் குறைத்தார்." இவ்வளவுதான் நடந்தது. "எனக்குத் திறமை இல்லை, அதனால்தான்" என்பது அதற்கு மேல் நீங்களே சேர்த்துக்கொண்ட வரி.

உண்மையிலேயே உங்கள் பக்கம் குறை இருந்திருக்கலாம். அடிக்கடி தாமதமாகப் போயிருப்பீர்கள், புதிய மென்பொருளைக் கற்றுக்கொள்ளாமல் விட்டிருப்பீர்கள். அதையும் எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் அது திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு குறையாகத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் கிடந்து யோசிக்கும்போதுதான் அதே குறை உங்கள் முழு வாழ்க்கைக்கும் தீர்ப்பு மாதிரி தெரிகிறது. அந்த நேரத்தில் வரும் எந்த முடிவையும் நம்பாதீர்கள். எழுந்து, விளக்கைப் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, தூக்கம் வந்த பிறகு போய்ப் படுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது? வேறு வேலை கிடைக்கும் வரை சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன?

எல்லாக் கேள்விகளிலும் இதைத்தான் பெரியதாக நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர், வேலை போன பிறகும் தினமும் குளித்து, உடுப்பு மாற்றி, மனைவி கட்டிக்கொடுத்த சோற்றுப் பாத்திரத்தோடு குழித்துறை ஸ்டேஷனில் இருந்து திருவனந்தபுரம் ரயில் ஏறினார். சீசன் டிக்கெட் இன்னும் முடியவில்லை. அங்கே போய் ஒரு வாசகசாலையில் உட்காருவார். மத்தியானம் பிளாட்பாரத்தில் ஒரு தூண் மறைவில் சாப்பிடுவார். தெரிந்த முகம் வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். சாயங்கால ரயிலில் வீடு திரும்புவார். மாதம் பிறந்தும் சம்பளம் வந்த மெசேஜ் வராததால்தான் வீட்டில் தெரிந்தது. வேலை போனதற்காக அவர் மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "இத்தனை நாளும் அந்தப் பாத்திரத்தைக் கழுவும்போது நீங்க ஆபீஸ்ல சாப்பிட்டீங்கன்னுதானே நினைச்சேன்" என்று சொல்லித்தான் அழுதார்.

மறைப்பதற்கு ஒவ்வொரு நாளும் உழைக்க வேண்டும். வேலை தேடுவதற்கு வேண்டிய சக்தி முழுவதும் நடிப்பதில் போகும். அதுவும் போக, வீட்டில் செலவு குறையாது. அந்த வாரமே புது மிக்ஸிக்குத் தவணை போட்டிருப்பார்கள், உங்களால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

சொல்லும்போது சுற்றி வளைக்க வேண்டாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு, டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்து மூன்று விஷயம் சொல்லுங்கள்: என்ன நடந்தது, கையில் எவ்வளவு இருக்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள். மூன்றாவதுக்குப் பதில் தெரியாவிட்டால் "இன்னும் தெரியல, ஒரு வாரம் யோசிக்கணும்" என்று சொன்னாலும் போதும். முதலில் கணவனிடமோ மனைவியிடமோ சொல்லுங்கள். வயதான அப்பா அம்மாவிடம் இருவரும் சேர்ந்து சொல்லலாம். பெரியவர்கள் முதலில் கத்துவார்கள், அப்புறம் "சரி மக்களே, பாத்துக்கலாம்" என்பார்கள். அந்தக் கத்தலுக்கும் இந்தச் சமாதானத்துக்கும் இடையே ஒரு ராத்திரி பொறுமையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமா?

தெரியட்டும். வீட்டில் குரல் மாறியிருப்பது நான்கு வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். காரணம் தெரியாவிட்டால் தன்னால்தான் அப்பாவும் அம்மாவும் சண்டை போடுகிறார்கள் என்று அது நினைத்துக்கொள்ளும். "அப்பா வேலை பார்த்த இடத்துல வேலை முடிஞ்சு போச்சு. வேற தேடிக்கிட்டு இருக்கேன். நீ எப்பவும் போல பள்ளிக்கூடம் போவே" என்றால் சின்னப் பிள்ளைக்கு அது போதும். பிளஸ் டூ படிக்கும் மகளிடம் ஃபீஸ் பற்றியும் பேசலாம். ஆனால் உங்கள் பயத்தைக் கொட்டும் இடமாகப் பிள்ளையை வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பெரியவர் யாராவது வேண்டும்.

ஊரில் யாரைப் பார்த்தாலும் "இப்ப எங்க வேலை?" என்று கேட்கிறார்கள். கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் போகவே பயமாக இருக்கிறது.

நம் பக்கத்தில் அந்தக் கேள்வியில் பெரும்பாலும் விஷம் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரிடம் பேச்சு தொடங்க அதுதான் வழி. அப்படித் தெரிந்திருந்தும் கேட்கும்போது நெஞ்சில் குத்தும் என்பதும் உண்மை.

ஒரு வரியை முன்கூட்டியே தயார் செய்து, கண்ணாடி முன்னால் இரண்டு தடவை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். "பழைய இடத்துல ஆளைக் குறைச்சுட்டாங்க மாமா. இப்ப கணக்கு வேலையா பாத்துக்கிட்டு இருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்ச இடம் எதுவும் இருந்தா சொல்லுங்க." சொல்லிவிட்டு அவர் மகள் படிப்பைப் பற்றிக் கேளுங்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். நீங்களே சாதாரணமாகச் சொன்ன விஷயத்தில் கிசுகிசுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. மறைத்தால்தான் ஆளுக்கொரு கதை வரும்.

இந்த ஒரு வரியில் வேறொரு நன்மையும் இருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் பாஸ்டன் அருகே, தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் "அந்த ஆளை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பீர்கள்?" என்று கேட்டதில், அடிக்கடி பார்க்கும் நெருங்கியவர் மூலம் கிடைத்தது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிறவர்கள்தான் சொல்லியிருந்தார்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த சேதி நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். கல்யாணப் பந்தியில் எதிரே உட்காரும் தூரத்து மாமாவுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. அதனால் கல்யாணத்துக்குப் போங்கள். எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை, மனம் தாங்கும் அளவுக்குப் போனால் போதும். "ஒரு வேலைகூட நிலைக்க மாட்டேங்குதே உனக்கு" என்று குத்திப் பேசும் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவர் வருகிற இடத்தை இந்த ஆண்டு தவிர்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

நான் வளைகுடாவில் இருந்து திரும்பி வந்தவன். லீவுக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நாள் கூடக் கூட வெளியே தலைகாட்ட முடியவில்லை.

"எப்பம் வந்த மக்களே? எப்பம் போற?" இந்த இரண்டு கேள்வியைக் கேட்காத சாயாக்கடை நம் மாவட்டத்தில் இல்லை. முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது, இரண்டாவதுக்கு இல்லை. அதனால் சிலர் பகலில் வீட்டுக்குள்ளேயே இருந்து, இருட்டிய பிறகு வெளியே வருகிறார்கள்.

உங்கள் வலி மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி. இத்தனை ஆண்டு அங்கே கிடந்து உழைத்து வீடு கட்டினீர்கள், தங்கையைக் கட்டிக்கொடுத்தீர்கள், ஊரில் ஒரு விசேஷம் என்றால் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள். இப்போது அந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருக்கிறது. பிள்ளைகளுக்கு உங்களோடு தினமும் இருந்து பழக்கமில்லை. மனைவி இத்தனை காலம் தனியாக வீட்டை நடத்தியவர். திடீரென்று நீங்கள் வந்து அடுக்களையில் எண்ணெய்ச் செலவைக் கேட்டால் உரசல் வரத்தான் செய்யும். வேலை போன துக்கம் ஒன்று, சொந்த வீட்டில் புதிதாகக் குடியேறுவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு "என்னை இங்கே யாருக்கும் பிடிக்கவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். பழகுவதற்குச் சில மாதங்கள் ஆகும்.

லீவு என்று சொன்னதை மாற்றிச் சொல்வது எளிது. "போகல, அங்க கம்பெனில ஆளெடுப்பு நின்னுபோச்சு, இனி இங்கதான் பாக்கணும்" என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். அவரே மற்றவர்களிடம் சொல்லிவிடுவார். அங்கே சம்பளப் பாக்கி நின்றிருந்தால் மனத்தில் போட்டு அரிக்க விடாமல், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையில் எழுத்தில் கொடுங்கள். வேலை ஒப்பந்தம், விசா நகல், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பணம் வர நாள் ஆகலாம். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்பதிலேயே கொஞ்சம் தூக்கம் வரும்.

நாள் எப்படிப் போகிறது என்றே தெரியவில்லை. பத்து மணிக்கு எழுகிறேன், போனைப் பார்க்கிறேன், சாயங்காலம் ஆகிவிடுகிறது.

வேலை இல்லாத காலம் என்பது நம் மாவட்டத்துக்குப் புதிது இல்லை. விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடை. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டினம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மேலே மலையோரத்தில் மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் பால் வெட்டுவதும் நிற்கும், இலை உதிரும் காலத்திலும் மரத்துக்கு ஓய்வு. அந்தக் காலத்தில் கையில் காசு இருக்காது, கஷ்டம்தான். ஆனால் யாரும் அவர்களைப் பார்த்து "என்ன, வேலை போச்சா?" என்று கேட்பதில்லை. அவர்களும் தங்களை உதவாக்கரை என்று நினைப்பதில்லை. வலை பின்னுவார்கள், படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். திரும்பக் கடலுக்குப் போகும் தேதி தெரிந்திருப்பதால் அந்தச் சும்மா இருக்கும் நாட்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

உங்களுக்கு அந்தத் தேதி தெரியாது, அதுதான் கஷ்டத்தைக் கூட்டுகிறது. வேலை கிடைக்கும் தேதியை நீங்கள் குறிக்க முடியாது. வேறு தேதிகளைக் குறிக்கலாம். "இந்த மாதக் கடைசி வரை என் துறையில் மட்டும் தேடுவேன். அதற்குள் அமையாவிட்டால் அடுத்த மாதம் முதல் கிடைக்கிற தற்காலிக வேலைக்கும் போவேன்." "டிசம்பருக்குள் இந்தச் சான்றிதழ் படிப்பை முடிப்பேன்." காலண்டரில் எழுதி வையுங்கள்.

நாளுக்கும் ஒரு வடிவம் கொடுங்கள். எழும் நேரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றது மெல்ல மெல்ல அதன் பின்னால் வரும். குளித்து, வெளியே போகும் உடுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் வேலை தேடுவது. அதற்கு மேல் தேடினால் மனம்தான் சோரும். மத்தியானம் உடம்பால் செய்யும் வேலை ஏதாவது: தென்னைக்குத் தடம் எடுப்பது, கூரை ஓடு மாற்றுவது, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) நடுவது. சாயங்காலம் ஒரு மனிதரையாவது நேரில் பாருங்கள். நடக்கப் போவதற்கு நாகர்கோவிலில் இருப்பவர்கள் சொத்தவிளைக் கடற்கரைக்கோ, தக்கலைப் பக்கம் இருப்பவர்கள் பத்மநாபபுரம் கோட்டையை ஒட்டியோ போகலாம். அதற்கும் மனமில்லையா, வீட்டு வாசலில் இருந்து பஸ் ஸ்டாப் வரை போய் வாருங்கள்.

விண்ணப்பம் போடப் போட நிராகரிப்புதான். இப்போது மெயிலைத் திறக்கவே கை வரவில்லை.

முக்கால்வாசி விண்ணப்பத்துக்குப் பதிலே வராது. அந்த மௌனம் உங்களை எடைபோட்டுச் சொன்ன பதில் இல்லை, பல நேரம் யாரும் படித்திருக்கவே மாட்டார்கள். மெயில் பார்ப்பதற்கு நாளில் ஒரு நேரம் வைத்துக்கொண்டு, மற்ற நேரம் மூடி வையுங்கள். ராத்திரி படுக்கும் முன் பார்க்கவே வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் வேலை இழந்த பொறியாளர்களையும் அதிகாரிகளையும் ஒரு பிரிவாக, தினம் 20 நிமிடம் என்று 5 நாட்கள், வேலை போனதைப் பற்றி மனத்தில் இருப்பதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். இன்னொரு பிரிவு அன்றாட நடப்புகளையும் வேலை தேடும் திட்டத்தையும் எழுதியது. மனத்தைக் கொட்டி எழுதியவர்களில் அதிகம் பேருக்குச் சில மாதங்களில் வேலை கிடைத்திருந்தது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விண்ணப்பம் ஒன்றும் போடவில்லை. பழைய கம்பெனி மேல் இருந்த கோபம் நேர்முகத்தேர்வில் வெளியே தெரியாமல் போனது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வு செய்த ஜேம்ஸ் பென்னிபேக்கர் கருதினார். செலவில்லாத வேலை, ஒரு பழைய நோட்டு போதும். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்தும் போடலாம்.

பணத்தைப் பற்றி நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது.

எவ்வளவு என்று தெரியாத வரைக்கும் அந்தப் பயத்துக்கு அளவே இருக்காது. ஒரு மாலை உட்கார்ந்து, கையில் இருப்பது, வர வேண்டியது, மாதாமாதம் கட்டியே ஆக வேண்டியது என மூன்றையும் எழுதுங்கள். "நான்கு மாதம் தாங்கும்" என்று ஓர் எண் கிடைத்துவிட்டால், அது சின்ன எண்ணாக இருந்தாலும், படபடப்பு கொஞ்சம் இறங்கும்.

வர வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்கள் உரிமை. பொதுவான கணக்கு இது: கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மாதம் 26,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 15,000. ஆறு ஆண்டுக்கு 90,000. பி.எஃப். பணத்தில் பெரும்பகுதியை வேலை இல்லாத காலத்தில் எடுக்க வழி இருக்கிறது. கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். இணையத்தில் முடியாவிட்டால் நாகர்கோவில் பி.எஃப். அலுவலகத்துக்கு நேரில் போங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்கள், வேலையிழப்புக்கான உதவித்தொகை தங்களுக்கு உண்டா என்று கிளை அலுவலகத்தில் கேட்கலாம்.

வங்கிக் கடனுக்குத் தவணை தவறுவதற்கு முன்னாலேயே போய்ப் பேசுங்கள். வட்டிக்காரரிடம் கைமாற்று வாங்கி வங்கித் தவணை கட்ட வேண்டாம். நகையை அடகு வைப்பதாக இருந்தால் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள், ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் வைத்த நகையால் உடைந்த வீடுகள் இருக்கின்றன.

சாயங்காலம் ஆனால் குடிக்கத் தோன்றுகிறது. குடித்தால்தான் தூக்கம் வருகிறது.

குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், ஆனால் பின்னிரவில் விழிப்பு தட்டிவிடும். மறுநாள் மனம் இன்னும் கீழே இறங்கும், சாயங்காலம் இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கும். வேலை போன சமயத்தில் தொடங்கி வேலை கிடைத்த பிறகும் விடாத குடியை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சும்மா இருக்கிற காலத்தில்தான் இதில் மிகவும் கவனம் வேண்டும் என்கிறேன்.

ஏற்கெனவே தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. நடுக்கம், வலிப்பு வரை போகலாம். மருத்துவரைப் பார்த்து நிறுத்துங்கள். இதற்காக அரசு மருத்துவமனைக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நான் பெண். வேலை போனதும் "நல்லதுதான், வீட்டைப் பார்த்துக்கோ" என்கிறார்கள். என் துக்கத்தை யாருமே துக்கமாக எடுத்துக்கொள்வதில்லை.

அண்டி ஆபீஸில் இருபது ஆண்டுக்கு மேல் தோலுரித்த ஒரு அக்கா, ஆலை மூடிய பிறகு தன் விரல்களைக் காட்டினார். அண்டிக் கறை முழுதாகப் போய் விரல் வெளுத்திருந்தது. "கை நல்லா ஆயிட்டுன்னு எல்லாரும் சொல்லுதாவ. எனக்கு அதைப் பாத்தாத்தான் அழுகை வருது" என்றார். அந்தப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களோடு பேசிய பேச்சு, சனிக்கிழமை கையில் வரும் சொந்தக் காசு, மகளுக்குக் கேட்டதும் வாங்கிக் கொடுக்க முடிந்த வளையல் எல்லாம் அதோடு போய்விட்டன. வீட்டில் வேலை இருக்கிறது என்பதால் இந்த இழப்பு இல்லாமல் போய்விடாது.

உங்கள் துக்கம் துக்கம்தான். வீட்டில் ஒருமுறையாவது தெளிவாகச் சொல்லுங்கள்: "எனக்கு வேலை வேணும், காசுக்காக மட்டும் இல்ல." கூடவே வேலை பார்த்தவர்களோடு தொடர்பை விடாதீர்கள். ஒருவர் வீட்டுத் திண்ணையில் வாரம் ஒருநாள் கூடினால்கூட நல்லது. மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தாதீர்கள். சேமிப்புக் கட்ட முடியாத மாதத்தில்தான் அங்கே போவது முக்கியம். வேலை தேடும் காலத்தில் வீட்டு வேலை முழுவதும் உங்கள் தலையில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண் வேலை தேடும்போது கிடைக்கும் காலை நேரம் உங்களுக்கும் வேண்டும்.

இது சாதாரணக் கவலையா, மருத்துவரைப் பார்க்க வேண்டியதா? எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் மனம் கனத்தே இருந்தால், முன்பு பிடித்த எதிலும் பிடிப்பு இல்லாவிட்டால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், குளிக்கவும் எழவும் முடியாமல் போனால் காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் முதலில் போனில் பேசுங்கள்: மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இலவசம், இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகலாம். கொஞ்சம் தேறியதும் தானாக நிறுத்திவிடாதீர்கள்.

உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது.

இப்போதே, இந்த நிமிடமே யாரிடமாவது சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் சரி. தனியாக இருக்க வேண்டாம். 14416-க்கு அழையுங்கள். ஆபத்து என்று தோன்றினால் 108-ஐ அழையுங்கள், அல்லது யாரையாவது கூட்டிக்கொண்டு நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்த எண்ணம் எவ்வளவு பலமாக வந்தாலும், வந்த வேகத்திலேயே நிலைத்து நிற்காது. அது தணியும் வரை கூட ஆள் இருக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நல்லது" என்ற மாதிரி ஒருவர் பேசினால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்கு யாரோ கேட்டதே பெரிய ஆறுதலாக இருக்கும். தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து, மிச்ச மாத்திரைகள் எல்லாவற்றையும் அன்றே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள்.

என் தம்பிக்கு வேலை போய்விட்டது. நான் என்ன சொல்ல வேண்டும்?

கொஞ்சமாகச் சொல்லுங்கள். "எல்லாம் நன்மைக்குத்தான்", "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்க" என்பவை வேண்டாம். "வேலை கிடைச்சுதா?" என்று தினமும் கேட்கவும் வேண்டாம், கிடைத்தால் அவனே ஓடி வந்து சொல்வான். "ஞாயித்துக்கிழமை தேங்காய் வெட்டுறாங்க, கூட வா" என்று கூப்பிடுங்கள். பணம் கொடுக்க முடிந்தால், அவன் கேட்கும் முன்னால், மற்றவர் முன்னிலையில் இல்லாமல் கொடுங்கள். திருப்பி வேண்டுமா வேண்டாமா என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். அவன் மனைவியிடமும் "மைனி எப்படி இருக்கீங்க?" என்று யாராவது கேட்க வேண்டும். எல்லோரும் அவனைப் பற்றியே விசாரிப்பதால் அவளை மறந்துவிடுகிறார்கள்.

புது வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் மேலாளர் கூப்பிட்டாலே வயிறு கலங்குகிறது.

சில மாதங்கள் அப்படி இருக்கும். உடம்பு பழையதை இன்னும் மறக்கவில்லை. சம்பளம் வரத் தொடங்கியதும் முதலில் ஒரு சிறு தொகையைத் தனியாகப் போட்டு வையுங்கள், கடன் இருந்தாலும் கொஞ்சமாவது. ஆறு மாதம் கழித்தும் தூக்கம் கெடும் அளவுக்குப் பயம் இருந்தால் அதே 14416-இல் பேசலாம், வேலையில் இருப்பவர்களும் அங்கே பேசலாம். கஷ்ட காலத்தில் வேலைத் தகவல் சொன்னவர்களுக்கு, அந்த இடம் அமையாமல் போயிருந்தாலும், ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.